ஆட்டோமேட்டிக்கைக் கொடுத்து மேனுவல் வாங்குமுன்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் மேனுவலுக்கு மாற நினைத்தால் முதலில் ரோட்டைப் பாருங்கள். சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை என்று ஈசிஆரில் போனால் மலையும் இல்லை, கொண்டை ஊசி வளைவும் இல்லை. டாப் கியரில் போட்டால் அடுத்த ஊர் வேகத்தடை வரை கைக்கு வேலையே கிடையாது. கியர் மாற்றும் சுகம் வேண்டுமென்றால் வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏற வேண்டும்.

அதனால் இருக்கிற வண்டியிலேயே இரண்டு வாரம் 'டி' (தானாகக் கியர் மாறும் டிரைவ் நிலை) பக்கம் போகாமல், ஸ்டீயரிங் பின்னால் கையால் கியர் மாற்றும் பேடிலை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் ராமேஸ்வரம் போகும்போதும் அப்படியே. பாதியில் 'டி'க்குத் திரும்பினால் வண்டியை மாற்றாதீர்கள். வேகத்துக்காக மாறுவதிலும் பொருளில்லை. ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி 1.5 டர்போவில் மேனுவலுக்கும் டிஎஸ்ஜிக்கும் (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) ஒரே 150 பிஎஸ் சக்தி, ஒரே 250 நியூட்டன் மீட்டர் டார்க்தான் (சுழற்று விசை).

மாறுவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. அந்த ஏழு கியர் டிஎஸ்ஜி உலர் கிளட்ச் வகை. எண்ணெயில் ஊறாததால் ஊர்ந்து போகும்போது சூடு சீக்கிரம் இறங்காது. அது தாங்கும் அளவும் 250 நியூட்டன் மீட்டர்தான். ரீமேப் செய்து (எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றி டார்க்கைக் கூட்டி) வாரண்டியும் முடியப் போகிறதென்றால் கொடுத்துவிடுவதே நல்லது. கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தனுஷ்கோடி அரிச்சல்முனை ரோட்டில் மணல் ஏறிக் கிடக்கும். அதில் முன்னும் பின்னுமாக உருட்டித் திருப்பினால் கியர்பாக்ஸ் சூட்டு எச்சரிக்கை வந்துவிடும். வந்தால் ஓரமாக நிறுத்தி 'பி'யில் (பார்க்) போட்டு ஆறவிடுங்கள். மேனுவலும் மணலில் அரை கிளட்சில் நின்றால் கருகத்தான் செய்யும்.

பழைய மேனுவல் வாங்குவதானால் எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய்ப் பாருங்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகரத்தால் சின்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒன்றாக்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. கிளட்ச் பெடலை மிதிக்கும்போது கீச்சென்றால் ரிலீஸ் பேரிங் (கிளட்சைப் பிரிக்கும் பேரிங்) போயிருக்கிறது. நியூட்ரலில் பெடலை விட்டதும் இரைந்து, மிதித்தால் அடங்கினால் கியர்பாக்ஸ் உள் பேரிங். அந்த வண்டி வேண்டாம். சூடான பிறகு நாலாவது கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி ஏறியும் வண்டி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கியர்பாக்ஸை இறக்கும் கூலி எப்படியும் ஒன்றுதான் என்பதால் டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். டூயல் மாஸ் ஃப்ளைவீல் (எஞ்சின் அதிர்வை அடக்கும் இரட்டைச் சக்கரம்) இருந்தால் அதையும் அப்போதே ஆட்டிப் பார்க்க வேண்டும். அந்தச் செலவைக் கணக்குப் போட்டு விலையில் குறையுங்கள்.

உப்புக் காற்று தனி விஷயம். கடலோரம் பல வாரம் சும்மா நின்ற வண்டியில் கிளட்ச் டிஸ்க் துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் அணைந்திருக்கும்போது விழுகிற கியர், ஓடும்போது விழாவிட்டால் இதையும் சந்தேகப்படுங்கள். லிஃப்டில் ஏற்றி சப்ஃப்ரேம் வெல்டிங், பிரேக் பைப், சைலன்சர் கிளாம்ப் மூன்றிலும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில். டாட் 4 என்ற அந்த ஆயில் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இங்கே இரண்டு வருடத்துக்கு மேல் விடக் கூடாது. கறுத்திருந்தால் ரொம்ப நாளாக மாற்றவில்லையோ என்று சந்தேகப்படுங்கள்.

ஆர்டிஓவில் பெயர் மாற்றுவதற்கான படிவம் 29, 30இல் கையெழுத்தாகாமல் உங்கள் பழைய வண்டியின் சாவியைக் கொடுக்காதீர்கள். வண்டி மேல் கடன் இருந்தால் அது தீர்ந்ததற்கான படிவம் 35உம் வேண்டும்.