செலவுக் கட்டுப்பாடு எப்போது பயன்பாட்டைக் குறைக்கிறது?

விலைக்கோட்டோடு, அதாவது வருமானத்தில் வாங்கக்கூடிய பொருள் சேர்க்கைகளின் எல்லையோடு, இன்னொரு கட்டுப்பாடு சேர்ந்ததும் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. கட்டுப்பாடு இருந்தாலே பயன்பாடு (நுகர்வில் கிடைக்கும் மனநிறைவு) குறைந்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் கட்டுப்பாடு நுகர்வோரை உண்மையில் தடுக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எண்களோடு பார்ப்போம். க, ச என்று இரண்டு பொருள்கள். விலை முறையே 2, 1. வருமானம் 100. பயன்பாட்டுச் சார்பு க × ச. இந்தச் சார்புக்கு வருமானம் சரிபாதியாகப் பிரியும்: க 25, ச 50, பயன்பாடு 1250. இப்போது க-வுக்கு 30 என்று உச்சவரம்பு வைத்தால் எதுவும் மாறாது, ஏனென்றால் அவர் வாங்குவதே 25தான். வரம்பு 15 என்றால் நிலைமை வேறு. க-வை 15-இல் நிறுத்தி, மீதிப் பணம் 70-ஐயும் ச-வில் செலவிட வேண்டும். பயன்பாடு 1050 ஆகிறது.

இந்த இடத்தில் இறுதிநிலைப் பதிலீட்டு வீதத்தை (இன்னும் ஓர் அலகு க-வுக்காக அவர் விட்டுக்கொடுக்கத் தயாராக உள்ள ச-வின் அளவை) விலை விகிதத்துக்குச் சமமாக வைத்துத் தீர்க்க முயன்றால் விடை தவறும். வரம்புப் புள்ளியில் அந்த வீதம் 70/15, அதாவது சுமார் 4.67. விலை விகிதமோ 2தான். ஒரே பயன்பாடு தரும் சேர்க்கைகளை இணைக்கும் சமநோக்கு வளைகோடு விலைக்கோட்டைத் தொட்டுச் செல்லாமல் வெட்டிச் செல்கிறது. இந்த இடைவெளிக்குப் பொருள் உண்டு: இன்னும் ஓர் அலகு க வாங்க அனுமதி கிடைத்தால், விலைக்கு மேல் ஏறத்தாழ 2.67 வரை தர அவர் தயாராக இருப்பார். பங்கீட்டுக் காலங்களில் கள்ளச்சந்தை முளைப்பது இந்த இடைவெளியில்தான். 4.67 என்பதை மெய்நிகர் விலை என்பார்கள். இந்தக் கருத்தை 1941-இல் பொருளியலாளர் எர்வின் ராத்பார்த் முன்வைத்தார். க-வின் விலை 4.67 ஆகவும் வருமானம் 140 ஆகவும் இருந்தால், எந்த வரம்பும் இல்லாமலே அவர் க 15, ச 70 என்று வாங்குவார். கணக்கைப் போட்டுப் பாருங்கள், பொருந்தும்.

இழப்பு எவ்வளவு? 1250-இலிருந்து 1050, ஆகவே 16 சதவீதம் என்று சொல்லக் கூடாது. பயன்பாடு வரிசை அளவுதான்: எது மேல், எது கீழ் என்று மட்டுமே சொல்லும். அதே விருப்பங்களை வர்க்கமூலச் சார்பால் எழுதினால் சதவீதம் ஏறத்தாழ பாதியாகிவிடும். பணத்தில் அளக்க வேண்டும். கட்டுப்பாடில்லாமல் 1050 பயன்பாட்டை எட்ட எவ்வளவு வருமானம் போதும்? இந்த விலைகளில் பயன்பாடு என்பது வருமானத்தின் வர்க்கத்தை 8-ஆல் வகுத்தது. எனவே 91.65 போதும். இழப்பு 8.35.

கூப்பனிலும் இதே தர்க்கம்தான். வருமானம் 100, ச-வுக்கு மட்டும் செல்லும் கூப்பன் 40 என்றால், மொத்தம் 140. அவர் எப்படியும் ச-வில் 70 செலவிடுவார், அதனால் கூப்பனும் ரொக்கமும் ஒன்றே. வருமானம் 40, கூப்பன் 80 என்றால் அப்படியில்லை. ச-வில் 60 செலவிட விரும்புகிறவர் 80 செலவிட வேண்டியிருக்கிறது. விலைக்கோட்டின் முறிவுப் புள்ளியில் க 20, ச 80, பயன்பாடு 1600. இதற்குச் சமமான ரொக்க வருமானம் 113.14. ஆக 80 கூப்பனின் மதிப்பு அவருக்கு 73.14தான். அந்தப் புள்ளியில் க-வில் செலவாகும் கடைசி 1 பணம் 40 பயன்பாடு தருகிறது, ச-வில் 20 தருகிறது. ஆகவே முகமதிப்பில் பாதிக்கு மேல் விலை கிடைத்தால் கூப்பனை விற்கவே பார்ப்பார். மறுவிற்பனைத் தடை மீறப்படுவது ஏன் என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஒரு வரம்பு என்றால் படிகள் எளிது: கட்டுப்பாடில்லாத விடையைக் காணுங்கள், வரம்புக்குள் இருந்தால் நிறுத்துங்கள், மீறினால் வரம்பில் நிறுத்தி மீதியைச் செலவிடுங்கள். ஆனால் சமநோக்கு வளைகோடுகள் தோற்றுவாயை நோக்கிக் குவிந்திருந்தால்தான் இது செல்லும். இல்லையென்றால் அனுமதிக்கப்பட்ட பகுதியின் எல்லா முனைகளையும் ஒப்பிட வேண்டும்.

தடுக்காத கூப்பன் ரொக்கத்துக்குச் சமம் என்ற முடிவும் நடைமுறையில் முழுதாக நிற்பதில்லை. அமெரிக்க உணவு உதவித் திட்டத்தை ஆராய்ந்து பொருளியலாளர்கள் ஜஸ்டீன் ஹேஸ்டிங்ஸும் ஜெஸ்ஸி ஷபீரோவும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், உதவித்தொகையாக வந்த 100-இல் 50 முதல் 60 வரை உணவுச் செலவு கூடியது. ரொக்கமாக வந்திருந்தால் 10-க்கு மேல் கூடியிருக்காது. ஒவ்வொரு வகைப் பணத்துக்கும் மனதுக்குள் தனிக் கணக்கு வைப்பதே இதற்குக் காரணம் என்பது அவர்கள் விளக்கம்.