இருபது நிமிடத் தண்ணீர்

சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டுக்கு வந்திருந்த விருந்தினருக்காக அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். வாணலியின் காது துணியில் சிக்கி லேசாகச் சாய, காய்ந்த எண்ணெய் என் இடது மணிக்கட்டிலும் புறங்கையிலும் சிந்தியது. நான் அலறியதும் அடுப்படிக்குள் மூன்று பேர் ஓடி வந்தனர். மூவர் கையிலும் மூன்று மருந்துகள். அத்தை இட்லி மாவுப் பாத்திரத்துடன் நின்றார். பக்கத்து வீட்டு அக்கா பற்பசைக் குழலைத் திறந்துகொண்டே வந்தார். என் மகன் குளிர்பதனப் பெட்டியிலிருந்து ஐஸ் தட்டை எடுத்து வந்திருந்தான். "மாவைத் தடவும்மா, எரிச்சல் உடனே அடங்கிரும்" என்று அத்தை சொன்னபோது அவர் குரலில் இருந்த பதற்றமும் பாசமும் உண்மையானவை. ஆனாலும் அன்று நான் மூவரையும் விலக்கிக் குழாயைத் திறந்தேன்.

திறந்த பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. திருநெல்வேலியில் மே மாத மதியத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர், வெந்நீருக்குச் சற்றே குறைவான சூட்டில் இருக்கும். 'தீப்புண்ணைக் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள்' என்று எழுதுகிறவர்கள் எங்கள் ஊர்க் குழாயை நினைத்து எழுதுவதில்லை. நல்ல வேளையாக மண்பானையில் குடிதண்ணீர் இருந்தது. கையைப் பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் நீட்டிக்கொள்ள, மகன் செம்பால் மொண்டு மொண்டு மெதுவாக ஊற்றினான். பானை தீர்வதற்குள் என் கணவர் மோட்டாரைப் போட, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஏறும் புதுத் தண்ணீர் வாசல் குழாயில் வரத் தொடங்கியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருபது நிமிடம் நின்றேன். ஐந்தாவது நிமிடத்தில் வலி மறைந்தது. போதும் என்று கையை எடுத்தால் ஒரு நிமிடத்துக்குள் மீண்டும் தகித்தது.

எண்ணெயோ நெருப்போ தோலைத் தொட்டு விலகிய பின்னும், உள்ளே புகுந்த சூடு அடுத்தடுத்த அடுக்குகளை வேகவைத்துக்கொண்டே இருக்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் சட்டியில் குழம்பு கொதிப்பதைப் போன்றது அது. ஓடும் தண்ணீர் அந்தச் சூட்டை வெளியே இழுத்துவிடுகிறது. காயம் பட்ட மூன்று மணி நேரத்துக்குள் எப்போது செய்தாலும் பலன் உண்டு என்பதால், வழியில் தண்ணீர் கிடைக்காமல் வீடு வந்து சேர்ந்தவரும் 'இனி என்ன பயன்' என்று விட்டுவிட வேண்டியதில்லை. பற்பசையில் உள்ள புதினாச் சத்து குளிர்ச்சி என்ற உணர்வைத்தான் தருகிறது, சூட்டை எடுப்பதில்லை. காய்ந்து இறுகிய பசையைப் பிறகு மருத்துவமனையில் சுரண்டி எடுக்கும்போது படும் வேதனை தனி. புளித்த மாவு கிருமிகள் செழிக்கும் இடம். மஞ்சளும் பேனா மையும் காயத்தின் நிறத்தை மறைத்துவிடுவதால், எவ்வளவு ஆழமாக வெந்திருக்கிறது என்பதை மருத்துவரால் கணிக்க முடிவதில்லை. ஐஸ் கட்டியை நேரடியாக வைத்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கி, ஏற்கெனவே அடிபட்ட தோலுக்கு இரத்தம் வருவது குறைகிறது. பெரிய காயத்தில், அதிலும் சிறு குழந்தைக்கு, நெடுநேரம் குளிர்விப்பதால் உடலே சில்லிட்டுவிடலாம் என்பதால், காயத்தை மட்டும் நனைத்து மற்ற உடலைப் போர்த்தி வைக்க வேண்டும்.

தண்ணீரில் நிற்கும்போதே செய்ய வேண்டிய இன்னொன்றை நான் கிட்டத்தட்ட மறந்துவிட்டேன். வளையல்களைக் கழற்றினேன், திருமணத்தன்று போட்ட நெளி மோதிரம் நினைவுக்கு வரவில்லை. பத்தாவது நிமிடத்தில் விரல் லேசாகத் தடிக்கத் தொடங்கியபோது, அத்தைதான் கவனித்துச் சோப்பைக் குழைத்துத் தடவி, முறுக்கி முறுக்கிக் கழற்றினார். அரை மணி நேரம் கழிந்திருந்தால் அதை வெட்டித்தான் எடுத்திருக்க வேண்டும். அன்றைக்கு என் கையைக் காப்பாற்றியதில் பாதிப் பங்கு அவருடையது.

கொப்புளங்களை உடைக்காமல், துவைத்துக் காய்ந்த பருத்தி வேட்டித் துண்டைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு மருத்துவரிடம் போனேன். உள்ளங்கையைவிடப் பெரிய காயம் என்றாலும், அளவில் சிறிதாயினும் முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகிய இடங்களில் பட்டது என்றாலும், மின்சாரத்தாலோ அமிலத்தாலோ ஏற்பட்டது என்றாலும், காயம் பட்டது குழந்தை என்றாலும் வீட்டு வைத்தியத்தோடு நிற்கக் கூடாது. நம் உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, நம் உடற்பரப்பில் ஏறக்குறைய 1 விழுக்காடு என்பது கணக்கிட எளிய அளவுகோல். டெட்டனஸ் ஊசி தீப்புண்ணுக்கும் தேவைப்படலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

பொதுவாக, அடிபட்டவுடன் நம் கை எதையாவது எடுத்து அப்பத்தான் துடிக்கிறது. எதுவும் அப்பாமல் கடிகாரத்தைப் பார்த்து நிற்பது ஏதோ அலட்சியம் போலத் தோன்றுகிறது. சில்லுமூக்கு உடையும்போதும் இதே கதைதான். குழந்தையின் தலையைப் பின்னால் சாய்த்து உச்சந்தலையில் தண்ணீர் தெளிக்கிறோம். சாய்த்தால் இரத்தம் நிற்பதில்லை. தொண்டை வழியாக வயிற்றுக்குள் இறங்கி, பிறகு வாந்தியாக வெளிவந்து எல்லோரையும் இன்னும் பயமுறுத்துகிறது. உட்கார வைத்து, தலையைச் சற்று முன்னால் குனியச் செய்து, எலும்புக்குக் கீழே மூக்கின் மென்மையான பகுதியை இரு விரல்களால் அழுத்திப் பிடித்து, வாயால் மூச்சுவிடச் சொன்னால் போதும். பெரும்பாலான மூக்குக் கசிவுகள் மூக்கின் முன்பகுதித் தடுப்புச் சுவரிலிருந்தே வருவதால் இந்த அழுத்தம் நேராகப் போய்ச் சேர்கிறது. ஆனால் பத்து முதல் பதினைந்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். நாமோ அரை நிமிடத்துக்கு ஒருமுறை விரலை எடுத்து 'நின்றுவிட்டதா' என்று பார்த்து, அப்போதுதான் உறையத் தொடங்கிய இரத்தத்தை மீண்டும் கலைத்துவிடுகிறோம். இவ்வளவு செய்தும் அரை மணி நேரத்தில் நிற்கவில்லை என்றாலோ, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடிகாரம் உயிரையே காக்கும் இடம் நாய்க்கடி. என் அண்ணன் மகனைத் தெருவில் ஒரு நாய்க்குட்டி கெண்டைக்காலில் கடித்தபோது, கடைக்காரர் ஒருவர் மிளகாய்ப் பொடியைப் பொட்டலத்தோடு நீட்டினார். சுண்ணாம்பு, காப்பித் தூள், மண்ணெண்ணெய் என்று ஊருக்கு ஊர் ஒவ்வொன்று. ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அந்த உறையைச் சிதைத்துவிடும். ஆகவே, சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில், பதினைந்து நிமிடம் கழுவுவதுதான் முதல் மருந்து. பொடிகளும் எண்ணெய்களும் புண்ணைக் கிளறி, வைரஸ் நரம்பைச் சென்றடைய வழிதான் செய்யும். குட்டிதானே என்பதும், வீட்டு நாய்தானே என்பதும், கீறல்தானே என்பதும் பதில்கள் அல்ல. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லாத நோய் இது.

இன்றும் பெரியவர்கள் பலர் 'தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி' என்று பயமுறுத்துகிறார்கள். ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரித்த பழைய தடுப்பூசியின் நினைவு அது. இந்தியாவில் 2005 வாக்கில் அது முற்றிலும் கைவிடப்பட்டது. இப்போது, முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்துக்கொண்டு, புயத்தில் தோலுக்குள் போடுவதென்றால் 0, 3, 7, 28 ஆகிய நாட்களிலும், தசையில் போடுவதென்றால் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களிலும் ஊசி. தோல் கிழிந்த கடியாக இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, வைரஸை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்பு மருந்தும் போட வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது நம் பொறுப்பு. மூன்றாவது ஊசியோடு 'நாய் நன்றாகத்தானே இருக்கிறது' என்று என் அண்ணியும் நிறுத்தப் பார்த்தார். நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு ஒட்டிய பிறகே கடைசி ஊசி நடந்தது.

வயிற்றுப்போக்கில் சிக்கல் நிமிடத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைப் பொடிப் பொட்டலத்தை வாங்கி, ஒரு டம்ளருக்கு ஒரு கரண்டி என்று கண்ணளவில் கலக்குகிறோம். முழுப் பொட்டலம், அதில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீர், பெரும்பாலும் ஒரு லிட்டர். கலக்கியதை 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். உப்பு கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் பயனில்லை. சிறுகுடலில் சர்க்கரை சோடியத்தைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போக, அதன் பின்னாலேயே தண்ணீர் போகிறது என்பதுதான் இதன் சூட்சுமம். 1971-இல் வங்க எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, திலீப் மஹாலனாபிஸ் என்ற மருத்துவர் இந்தக் கரைசலை டிரம்களில் கலக்கி உறவினர்களின் கையாலேயே நோயாளிகளுக்குக் கொடுக்கச் செய்தார். 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. பொட்டலம் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டலாம். கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை துவண்டு கிடந்தாலோ மலத்தில் இரத்தம் இருந்தாலோ கரைசலைப் புகட்டிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

என் மணிக்கட்டில் இப்போது ஒரு புளியங்கொட்டை அளவுக்கு நிறம் மாறிய திட்டு மட்டும் இருக்கிறது. அத்தை இந்த மே மாதம் மண்பானைக்குப் பக்கத்தில் இன்னொரு பானையும் வாங்கி வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டதற்கு, "அப்பளம் பொரிக்கற வீடு" என்றார்.