மாத்தளையை நடந்து அறிதல்

இலங்கை மலைநாட்டு நகரான மாத்தளையின் வரலாற்றை அந்நகரத்து மக்களே வழிநடத்தும் நடைப்பயணத்தில் கேட்டறிவதையே நான் பெரிதும் விரும்புகிறேன். கோப்பித் தோட்டங்களில் உழைப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டோர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே பல நாள் நடந்து, பசிக்கும் வாந்திபேதிக்கும் உறவுகளைப் பறிகொடுத்தபடி வந்துசேர்ந்த ஊர் இது. ரயில் பாதை இங்கு எட்டியதோ 1880இல்தான். அந்தப் பழைய வழியை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்களின் வழிவந்த மலையக மக்கள் நடந்தார்கள்.

முத்துமாரியம்மன் கோயிலின் கோபுரத்தையும் தேரையும் எந்த வழிகாட்டியும் காட்டிவிடுவார். பாட்டியிடம் கேட்ட கதையை அவ்வாசலில் நின்று சொல்ல உள்ளூர்ப் பெரியவர் ஒருவரால்தான் இயலும். தோட்டத்து லயன்களுக்குள் செல்வதென்றால் (அவை தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகள்) குடியிருப்போரின் சம்மதம் முதலில் வேண்டும். நடைப்பயண வருமானத்தில் ஒரு பங்கும் அவர்களுக்கே சேரவேண்டும்.