ட்ரேஸ்னு ஒரு ரிப்போர்ட்

போன மாசம் ஃப்ரெண்ட் ஒருத்தன் வாட்ஸப்ல ஒரு ரிப்போர்ட் போட்டோ அனுப்பினான், அவன் மாமாவோட சளி டெஸ்ட். "எம்டிபி டிடெக்டட் ட்ரேஸ், ரிஃப் ரெசிஸ்டன்ஸ் இன்டிடெர்மினேட்"னு போட்டிருக்கு. எம்டிபின்னா டிபி கிருமி, ட்ரேஸ்னா துளி தடயம், ரிஃப்னா ரிஃபாம்பிசின்ங்கிற டிபி மருந்து, அதை கிருமி எதிர்த்து நிக்குமான்னு சொல்ல முடியலைங்கிறதுதான் இன்டிடெர்மினேட். டிபி இருக்கா இல்லையா, ஒத்த வார்த்தைல சொல்லுடான்னான். ஒத்த வார்த்தைல சொல்ல முடிஞ்சா அதை மெஷினே சொல்லியிருக்குமே.

அது ஜீன்எக்ஸ்பர்ட் அல்ட்ரா கார்ட்ரிட்ஜ், அதாவது சளில டிபி கிருமியோட டிஎன்ஏவைத் தேடுற மெஷினுக்குள்ள போடற டப்பி. உலக சுகாதார நிறுவனம் பழைய எக்ஸ்பர்ட்டை 2010 டிசம்பர்ல ஓகே பண்ணுச்சு, அல்ட்ரா 2017ல வந்துச்சு. லேப்ல எங்களுக்கு வேலை என்னவோ ரெண்டுலயும் ஒண்ணுதான். சளியோட ரெண்டு மடங்கு ரீஏஜென்ட் ஊத்தி, குலுக்கி, கால் மணி நேரம் வச்சு, கொழகொழப்பு போனதும் 2 மில்லி எடுத்து கார்ட்ரிட்ஜ்ல விட்டு உள்ள தள்ளிட்டா அல்ட்ரா ஒன்றரை மணி நேரத்துக்குள்ள சொல்லிடும். ஆனா அல்ட்ராவோட கண்ணு ரொம்ப கூர்மையாயிடுச்சு. ஸ்மியர்னு சளியை கண்ணாடில தடவி மைக்ரோஸ்கோப்ல பாத்தா ஒரு மில்லி சளில 5,000, 10,000 கிருமி இருந்தாதான் கண்ணுல படும். பழைய எக்ஸ்பர்ட்டுக்கு கிட்டத்தட்ட 113 போதும், அல்ட்ராவுக்கு 16.

எப்படின்னா, பழசு தேடுறது ஆர்பிஓபி ஜீனை, ஒரு கிருமிக்குள்ள அது ஒண்ணே ஒண்ணுதான். அல்ட்ரா அதோட சேத்து, ஒரே கிருமிக்குள்ள பல காப்பியா கிடக்கிற ரெண்டு துண்டையும் தேடுது. திருவிழா கூட்டத்துல தனி ஆளா ஒருத்தரை தேடுறதுக்கும், ஒரே கலர் சட்டை போட்ட பத்து பேரை தேடுறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். ட்ரேஸ்னா அந்த பத்து பேர்ல யாரோ கண்ணுல பட்டுட்டாங்க, அந்த ஒத்த ஆளு, அதாவது ஆர்பிஓபி, மட்டும் சிக்கல. ரிஃபாம்பிசின் மருந்து கேக்குமா கேக்காதான்னு அந்த ஒத்த ஆளுகிட்டதான் கேக்கணும், அதனாலதான் இன்டிடெர்மினேட்.

நான் திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், மாமாவுக்கு முன்னாடி டிபி வந்திருக்கா? மூணு வருஷம் முன்னாடி வந்துச்சாம், ஆறு மாசம் மாத்திரை முழுசா சாப்பிட்டு முடிச்சாராம். அப்படின்னா இந்த ட்ரேஸ் செத்த கிருமியோட மிச்சமாவும் இருக்கலாம், ஏன்னா இந்த மெஷினுக்கு டிஎன்ஏதான் தெரியும், உசுரு இருக்கா இல்லையான்னு தெரியாது. மருந்து வேலை செய்யுதான்னு பாக்க இந்த டெஸ்ட்டை திரும்பத் திரும்ப எடுக்காம ஸ்மியரும், கிருமி வளருதான்னு பாக்குற கல்ச்சரும் எடுக்குறதும் இதனாலதான். இதே ட்ரேஸ் ஒரு குழந்தைக்கோ, எச்ஐவி இருக்கிறவங்களுக்கோ, மூளைத்தண்டுவட நீர்லயோ வந்திருந்தா பேச்சே வேற, பாசிட்டிவ்னுதான் எடுத்துப்பாங்க.

அப்ப ட்ரூநாட்ல எடுத்தா தெளிவா தெரியுமான்னு அடுத்த கேள்வி. ட்ரூநாட்டும் டிஎன்ஏ தேடுற மெஷின்தான், கோவாவுல இருக்கிற மோல்பயோ கம்பெனியோடது, 2020ல உலக சுகாதார நிறுவனம் ஏத்துக்கிச்சு. எனக்கு அது மேல ஒரு தனி பாசம் உண்டு, பேட்டரில ஓடும், ஏசி ரூம் கேக்காது, எக்ஸ்பர்ட்டை கொண்டு போக முடியாத சின்ன சென்டர்ல கூட வைக்கலாம். ஆனா கை வேலை ஜாஸ்தி. டிஎன்ஏவை தனியா பிரிச்சு, அதுல 6 மைக்ரோலிட்டர் எடுத்து சிப்ல இருக்கிற குட்டிக் குழில விடணும், ஒரு பபுள் விழுந்தா போச்சு. புதுசுல எனக்கு ஒரே நாள்ல ரெண்டு சிப் அப்படி வீணாச்சு, சீனியர் ஒண்ணும் சொல்லல, பாத்த பார்வையே போதும். டிபி பாசிட்டிவ் வந்தாதான் ரிஃபாம்பிசினுக்கு இன்னொரு சிப் போடணும், அதுக்கு இன்னொரு மணி நேரம். மாமா கேஸ்ல கிருமியே இவ்ளோ கம்மின்னா அங்கயும் ரிஃப்க்கு பதில் கிடைக்கிறது கஷ்டம்தான்.

எல்பிஏ, அதாவது ஸ்ட்ரிப்ல கோடு பாத்து சொல்ற டெஸ்ட், ஐசோநயாசிட்ங்கிற இன்னொரு டிபி மருந்தோட ரெசிஸ்டன்ஸையும் சேத்து காட்டும். எக்ஸ்பர்ட்டும் ட்ரூநாட்டும் வழக்கமா போடற டெஸ்ட்ல அது வராது, எக்ஸ்பர்ட்ல அதுக்குன்னே தனி கார்ட்ரிட்ஜ் இருக்கு. ஆனா இந்த ரெண்டு மருந்தையும் பாக்குற எல்பிஏவுக்கு ஸ்மியர் பாசிட்டிவ் சளியோ வளந்த கல்ச்சரோ வேணும், ட்ரேஸ் சாம்பிளை அதுல போட்டு என்னத்த பாக்குறது. லேம்ப்னு இன்னொரு டிஎன்ஏ டெஸ்ட் இருக்கு, அது ரெசிஸ்டன்ஸ் பக்கமே போகாது.

இதையெல்லாம் விட, எந்த மெஷின்னு கேக்குறவங்க சளி டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு கேக்கவே மாட்டேங்கிறாங்க. பாதி டப்பால எச்சில்தான் வருது. வாயைக் கொப்பளிச்சுட்டு, ஆழமா மூச்சு இழுத்து, நெஞ்சுலேர்ந்து இருமி எடுக்கணும்னு மாமாவுக்கு போன்லயே சொல்லிக் கொடுத்தேன். அவரு அந்தப் பக்கம் இருமிக் காட்டி, இப்படியா தம்பின்னாரு.

டாக்டர் எக்ஸ்ரேவையும் பாத்துட்டு, ரெண்டாவது சளில ஒரு டெஸ்ட்டும் கல்ச்சரும் எழுதிக் கொடுத்தாரு. ரெண்டாவது டெஸ்ட்ல நாட் டிடெக்டட். திரவ கல்ச்சர்ல வளரலன்னு முடிவா சொல்ல 42 நாள் ஆகும், இன்னிக்கு 19வது நாள். ஃப்ரெண்ட் தினமும் காலைல குட் மார்னிங்குக்கு பதிலா "வளந்துச்சா?"ன்னு மெசேஜ் போடறான்.