மாமியாரின் பூட்டனாரைத் தேடி மூன்று ஆண்டுகள்

என் கணவரின் குடும்பம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால் ரிவர் நகரைச் சேர்ந்தது. என் மாமியாரின் பூட்டனார் மான்செஸ்டரிலிருந்து வந்த பஞ்சாலைத் தொழிலாளி என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. மூன்று ஆண்டுத் தேடலுக்குப் பிறகு, சென்ற மாதம்தான் அவருடைய திருமணச் சான்றிதழ் தபாலில் வந்து சேர்ந்தது. எங்கெங்கே தடுமாறினோம் என்பதை எழுதி வைத்தால், இதே வழியில் வருகிறவர்களுக்குப் பணமும் பல மாதங்களும் மிஞ்சும்.

அவர் இறந்தது பக்கத்து ஊரொன்றில். இறப்புப் பதிவைக் கேட்டு அங்கே போனபோது, நாங்கள் எழுதிக் கொடுத்த பெயரை அப்படியே கணினியில் இட்டுப் பார்த்த எழுத்தர், அப்படி ஒருவர் இல்லை என்று சொல்லிவிட்டார். கல்லறைக் கல்லில் இருந்த தேதியைக் குறித்துக்கொண்டு இரண்டாம் முறை போனோம்; பதிவேட்டைத் தேதிவாரியாகப் பார்க்கும்படி கேட்டதற்கு, அது தம் வேலை அல்ல என்ற பதில்தான் கிடைத்தது. 1841 முதல் மாசசூசெட்ஸ் ஊர்கள் தங்கள் பதிவுகளின் படியை மாநிலத்துக்கும் அனுப்ப வேண்டியிருந்தது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அந்த மாநிலப் படியில், அதே தேதியில், அவர் இருந்தார். மான்செஸ்டரை உள்ளடக்கிய லங்காஷயர் பகுதியின் உழைப்பாளிகள் பேச்சில் சொல்லின் முதலில் வரும் ஹகரத்தை விட்டுவிடுவார்கள். ஹகரத்தில் தொடங்கும் அவர் குடும்பப் பெயரைக் காதால் கேட்டு எழுதியவர் உயிரெழுத்தில் தொடங்கி எழுதியிருக்கிறார். கையெழுத்துப் போடத் தெரியாத குடும்பத்தில் அதைத் திருத்தவும் ஆள் இல்லை. ஆகவே, பெயர் கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால், அந்தப் பெயர் அவர்கள் வாயில் எப்படி ஒலித்திருக்கும் என்று யோசித்து மறுபடியும் தேடுங்கள்.

ஆனால் அந்தப் பதிவிலும் பிறந்த இடம் ‘இங்கிலாந்து’, தாயின் பெயர் ‘தெரியாது’. தகவல் சொன்ன மகனுக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது.

அடுத்து கப்பல். எல்லிஸ் தீவு 1892-இல்தான் திறக்கப்பட்டது என்பதால் அங்கே தேடவில்லை. ஆனால் அதற்கு முன் 1855 முதல் குடியேறிகள் வந்திறங்கிய நியூயார்க்கின் காசில் கார்டன் பட்டியல்களில் ஏழு மாதங்களைத் தொலைத்தோம். கணவன், மனைவி, குழந்தைகள் எல்லாரும் ஒரே கப்பலில் வந்திருப்பார்கள் என்று நினைத்ததும், நியூயார்க்கில்தான் இறங்கியிருப்பார்கள் என்று நினைத்ததும் தவறு. 1872-ஆம் ஆண்டு பாஸ்டன் பட்டியலில், லிவர்பூலிலிருந்து வந்த கப்பலில், மூன்று குழந்தைகளோடு மனைவி மட்டும் இருந்தார். முதலில் கணவன் போய் வேலை தேடிக்கொண்டு, பிறகு பணம் அனுப்பிக் குடும்பத்தை வரவழைப்பது அக்காலத்தில் பரவலான வழக்கம். பிரிட்டனிலிருந்து புறப்பட்டவர்களின் பட்டியல்கள் 1890 முதல்தான் மிஞ்சியிருக்கின்றன. அதற்கு முந்திய பயணங்களை அமெரிக்கக் கரையிலிருந்துதான் தேட முடியும்.

இந்த இடத்தில் பொறுமை இழந்து, பெயரும் வயதும் ஒத்திருந்த ஒருவரின் திருமணச் சான்றிதழுக்குப் பணம் கட்டினேன். வந்தது ஒரு செருப்புத் தொழிலாளியின் சான்றிதழ். மனைவியின் பிறந்தவீட்டுப் பெயர் தெரியாமல் எந்தச் சான்றிதழுக்கும் பணம் கட்டாதீர்கள்.

அந்தப் பெயரை எங்களுக்குக் கொடுத்தது 1871 ஏப்ரல் 2-ஆம் நாள் எடுத்த இங்கிலாந்துக் கணக்கெடுப்பு. குடும்பப் பெயரை விட்டுவிட்டு, மூன்று குழந்தைகளின் பெயரையும் வயதையும் மட்டும் வைத்துத் தேடியபோது, ஸ்டேலிபிரிட்ஜ் நகரில் ஒரு முதியவரின் வீட்டில் அவர்கள் பேரப்பிள்ளைகளாகப் பதிவாகியிருந்தார்கள். கணவன் முன்பே கிளம்பிவிட்டதால் அவர்களின் தாய் தன் தகப்பன் வீட்டில், மணமான மகளாக, விசைத்தறி நெசவாளியாக இருந்தாள். அந்த முதியவரின் குடும்பப் பெயர்தான் அவளுடைய பிறந்தவீட்டுப் பெயர். கணவன் உடன் இருந்திருந்தால் அது எங்களுக்குத் தெரிந்தே இராது. மான்செஸ்டர் என்று குடும்பத்தில் சொல்லிவந்தது, அங்கிருந்து சில மைல் கிழக்கே இருந்த இந்த ஆலை ஊரைத்தான்.

இவர்கள் நம்முடையவர்கள்தாம் என்று உறுதி செய்தவை இறந்துபோன குழந்தைகள். 1900-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு தாயிடமும் எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று கேட்டார்கள். பூட்டனாரின் மனைவி சொன்ன பதில் ஒன்பது, ஐந்து. இங்கிலாந்தின் பொதுப் பதிவு அலுவலகம் பின்னாளில் புதிதாகத் தயாரித்த அட்டவணையில் 1837 முதலான பிறப்புகளுக்குத் தாயின் பிறந்தவீட்டுப் பெயரும், இறப்புகளுக்கு வயதும் இருக்கின்றன. பழைய காலாண்டு அட்டவணையில் தாயின் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டு முதல்தான் வரும். புதியதில் தேடியபோது, அதே இரு குடும்பப் பெயர்கள் சேர்ந்து ஆறு பிறப்புகள் கிடைத்தன. மூன்று குழந்தைகள் கப்பலேறியவர்கள். மற்ற மூவரும் ஐந்து வயதைத் தாண்டவில்லை. அவர்களில் ஒரு பெண் குழந்தை பதினொரு மாதத்தில், 1863 பிப்ரவரியில் இறந்திருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று ஆலைகள் மூடிக் கிடந்த பஞ்ச காலம் அது. அடுத்த மாதம் அதே ஊரில், நிவாரணத்தைக் காசாகத் தராமல் சீட்டாகத் தந்ததற்காகக் கலவரமே மூண்டது. அந்த வரியைப் படித்த இரவு என்னால் மேற்கொண்டு தேட முடியவில்லை.

பெண்ணின் பெயர் கிடைத்த பிறகு திருமணம் எளிது. மணமகன் பெயரும் மணமகள் பெயரும் ஒரே காலாண்டில், ஒரே தொகுதி எண்ணும் பக்க எண்ணும் கொண்டிருந்தால் அவர்கள் ஒரே பக்கத்தில் பதிவானவர்கள் என்று பொருள். அந்த எண்ணைப் பொதுப் பதிவு அலுவலகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். நான் உள்ளூர்ப் பதிவு அலுவலகம் ஒன்றுக்கு அனுப்பியதால், அது தங்களுக்குப் பயன்படாது என்ற ஒற்றை வரியைப் பெற ஆறு வாரம் காத்திருந்தேன்.

இங்கிலாந்துக்கு ஒருமுறை போகக் கிடைத்த வாய்ப்பிலும் ஒரு நாள் வீணாயிற்று. ஸ்டேலிபிரிட்ஜ் சேர்ந்த பதிவு மாவட்டம் ஆஷ்டன் என்றதும் லங்காஷயர் ஆவணங்கள் உள்ள இடத்துக்கு ஞானஸ்நானப் பதிவேடுகளைத் தேடிப் போனோம். ஸ்டேலிபிரிட்ஜின் நடுவே ஓடும் டேம் ஆறுதான் பழைய லங்காஷயர், செஷயர் எல்லை. எங்களுக்கு வேண்டிய தேவாலயம் ஆற்றின் மறுகரையில் இருந்தது. பதிவு மாவட்டமோ இரு கரைகளையும் சேர்த்தது. வரைபடத்தை முன்பே விரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

சான்றிதழில் மணமகனின் தகப்பன் தொழில் கைத்தறி நெசவு என்றிருந்தது. அதன் கீழே மணமக்கள் பெயருக்கு நேராக, கையெழுத்துக்குப் பதிலாக, இரண்டு பெருக்கல் குறிகள். என் மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் அவற்றைப் பார்த்தார். பிறகு அந்தப் பதினொரு மாதக் குழந்தையின் பெயரைக் கேட்டு, குடும்ப விவிலியத்தின் பிறப்புப் பக்கத்தில் முதல் வரிக்கு மேலே இருந்த இடைவெளியில் அதை எழுதிவைத்தார்.