மேட் இன் ஜப்பான்: இடது காதில் ஆர்கன், வலது காதில் கிட்டார்

பிரிட்டிஷ் ராக் குழு டீப் பர்ப்பிளின் லைவ் ஆல்பம் 'மேட் இன் ஜப்பான்' ஒரே இரைச்சல் என்று யாராவது சொன்னால், எதில் கேட்டீர்கள் என்றுதான் முதலில் விசாரிக்க வேண்டும். ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரில் இந்த ஆல்பம் குழாயடிச் சண்டை மாதிரிதான் கேட்கும். ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப் வழியாக விட்டு, வேண்டுமென்றே கரகரக்க வைப்பவர். ரிச்சி பிளாக்மோரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரும் மார்ஷலில்தான் போகிறது. இரண்டும் ஒரே நடுத்தர அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். பதிவான ஒலிகளைக் கலக்கும் மிக்ஸில் இதற்கு எளிய வழி கண்டிருக்கிறார்கள்: ஆர்கன் இடது, கிட்டார் வலது. இரண்டு பக்கமும் ஒன்றாகி மோனோவாகிவிட்டால் நடுவிலிருந்த வேலி போய்விடும்.

ஆகவே ஹெட்போன், அல்லது ஆறடி இடைவெளியில் இரண்டு ஸ்பீக்கர். போனில் பாஸ் பூஸ்ட், சரவுண்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேடும் ஆப்பில் வேண்டாம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வரும் பேச்சையும் கைதட்டலையும் அது விழுங்கிவிடும். ஒரு முறையாவது 'லேஸி' பாட்டின்போது வலது பக்க ஹெட்போனைக் கழற்றிவிட்டு லார்டை மட்டும் கேளுங்கள். ஆர்கனை அதட்டி, உறும வைத்து, திடீரென்று ஜாஸ் பக்கம் திரும்பிச் சிரிக்கும் மனிதர் தெரிவார். அடுத்த முறை இடதைக் கழற்றுங்கள். பிளாக்மோர் தனி வாசிப்புக்கு நடுவே ஹூகோ ஆல்ஃபேனின் ஸ்வீடிஷ் ராப்சடியை ஒரு துண்டு செருகிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல நகர்ந்துவிடுவார்.

பதிவு நடந்தது 1972 ஆகஸ்டில். 15, 16 தேதிகளில் ஒசாகா ஃபெஸ்டிவல் ஹால், 17 அன்று டோக்கியோ புடோகான். ஜப்பான் நிறுவனத்தார் தங்கள் நாட்டில் மட்டும் விற்கக் கேட்ட பதிவு இது. குழுவுக்குப் பெரிய ஆர்வம் இல்லை. எங்கள் ஒலிப்பதிவாளர்தான் வர வேண்டும் என்ற நிபந்தனையோடு மார்ட்டின் பிர்ச்சைக் கூட்டிப்போனார்கள். கையில் இருந்தது எட்டு டிராக் ரெக்கார்டர், அதாவது எட்டுத் தனித் தடங்களில் மட்டும் பதியும் கருவி. டிரம்ஸுக்கே பல மைக் வேண்டும். பாஸ், கிட்டார், ஆர்கன், குரல், கூட்டத்தின் சத்தம் எல்லாம் அந்த எட்டுக்குள் அடங்க வேண்டும். மேடையிலேயே சரியாக அமையாதது பிறகு அமையாது.

லைவ் ஆல்பம் என்ற பெயரில் ஸ்டூடியோவில் ஒட்டுப்போடுவது இன்றும் உள்ள பழக்கம். இங்கே அது இல்லை. நினைத்தாலும் எளிதல்ல. இவ்வளவு சத்தமான மேடையில் பாடகரின் மைக்கில் கிட்டாரும் சிம்பலும் கசியும். கிட்டார் மைக்கில் டிரம்ஸ் கசியும். குரலை மட்டும் மாற்றிப் பாடிச் சேர்த்தால் பழைய குரலின் நிழல் மற்ற டிராக்குகளில் நிற்கும், கசிந்த சத்தமெல்லாம் அந்த இடத்தில் மட்டும் காணாமல் போகும். பாஸ் வாசிக்கும் ரோஜர் குளோவரும் டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்சும் மிக்ஸ் செய்தபோது அவர்களால் முடிந்தது, எந்த இரவின் பாட்டு என்று தேர்ந்தெடுப்பதுதான்.

ஏழு பாட்டில் நான்கு ஒசாகாவின் இரண்டாம் இரவு. 'தி மியூல்', 'லேஸி' இரண்டும் டோக்கியோ. முதல் இரவிலிருந்து தேறியது 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' மட்டும். மற்ற இரவுகளில் அந்த உலகப் புகழ் ரிஃப்பை, திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார் வரியை, பிளாக்மோர் நேராக வாசிக்காமல் விளையாடிவிட்டார். அந்த ரிஃப்பை வீட்டில் வாசித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பவர் கார்டு பிடித்து பிக்கால் அடித்தால் இந்த ஒலி வராது. அது நான்காம் இடைவெளியில் (ச–ம தூரம்) இரண்டிரண்டு சுரம்; இரு கம்பிகளையும் விரலால் ஒரே நேரத்தில் சுண்ட வேண்டும்.

ஆல்பத்தின் உச்சம் எது என்று கேட்டால் 'சைல்ட் இன் டைம்'. ஆர்கனின் தொடக்கம் ஒரு அமெரிக்கக் குழுவின் 'பாம்பே காலிங்' என்ற பாட்டிலிருந்து எடுத்தது. பாடகர் இயன் கில்லன் முதலில் வாய்க்குள்ளேயே 'ஊ' என்கிறார், பிறகு திறந்த 'ஆ', மூன்றாவது சுற்றில் அலறல். நடுவில் கிட்டார் வேகமெடுத்து ஓடி, சட்டென்று நிற்கிறது. அந்த நிசப்தத்தில் ஆர்கன் மெல்லத் திரும்பி வரும் இடத்துக்காகவே 12 நிமிடமும் உட்காரலாம்.

'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' பாட்டில் கிட்டார் ஒரு வரி வாசிக்க, கில்லன் அதையே குரலில் திருப்பித் தருகிறார். நம் கச்சேரியில் வயலின் பாடகரைத் தொடரும்; இங்கே பாடகர் வாத்தியத்தைத் தொடர்கிறார். 'தி மியூல்' பெய்சின் தனி ஆவர்த்தனம். தனி தொடங்கியதும் கான்டீனுக்கு எழுந்து போகிறவர்கள் இங்கேயும் போகலாம்; பிழையே இல்லாத வாசிப்பு, ஆனால் ஆல்பத்தில் கொஞ்சம் நீளம் குறைத்திருக்கலாம் என்று தோன்றுவது இது ஒன்றுதான்.

பழைய எல்.பி. வாங்குகிறவர்கள் முதல் பக்கத்தின் கடைசி இரண்டு நிமிடத்தை ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். லேபிளை நெருங்க நெருங்க ஒரு சுற்றின் நீளம் குறையும், உயர்ந்த ஒலிகள் நெருக்கிப் பதிந்திருக்கும், ஊசி தடுமாறும். 'சைல்ட் இன் டைம்' பாட்டில் கில்லனின் கடைசி அலறல் சரியாக அந்த இடத்தில்தான் விழுகிறது. தேய்ந்த தட்டில் அது 'ஸ்ஸ்' என்று கிழியும். எவ்வளவு கழுவினாலும் போகாது. அட்டைப்படத்தை வைத்து ஏமாறவும் வேண்டாம். அதில் இருப்பது ஜப்பான் மேடையே இல்லை, லண்டன் கச்சேரி.

முழு ஆல்பமும் 77 நிமிடத்துக்குள் ஒரே சிடியில் அடங்கிவிடும். 1998 பதிப்பில் இரண்டாவது சிடியாக 'பிளாக் நைட்', 'ஸ்பீட் கிங்', 'லூசில்' மூன்றும் உண்டு. 1993 பெட்டியில் இரவுக்கு ஒரு சிடி. 2014 பெட்டியில் மூன்று இரவும், கூட்டம் கேட்டு வாசித்த என்கோர் பாட்டுகளோடு. 2025ல் ஸ்டீவன் வில்சன் புதிதாக மிக்ஸ் செய்தது வந்தது. முதன்முறை கேட்கிறவர் பெட்டிக்குப் போக வேண்டாம், பழைய மிக்ஸே போதும். ஆல்பம் மனப்பாடம் ஆனபின் அதே பாட்டின் மூன்று இரவுகளையும் அடுத்தடுத்து ஓட்டுங்கள், குறிப்பாக 'ஸ்பேஸ் டிரக்கின்'. ஸ்டூடியோவில் நாலரை நிமிடப் பாட்டு அது. மேடையில் இருபது நிமிடம். பாட்டு சீக்கிரமே முடிந்து, அவர்களுடைய பழைய 'மேண்ட்ரேக் ரூட்'டின் கற்பனைப் பகுதி அதில் ஒட்டிக்கொண்டு ஓடும். எந்த இரவு யார் எந்தத் திருப்பத்தில் வண்டியை ஒடிக்கிறார் என்று பிறகு நீங்களே சொல்வீர்கள்.