முதல் கிட்டாரைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்

முதல் கிட்டாரையே இணையத்தில் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை. படத்தில் மரத்தின் நிறம் தெரியும், கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது தெரியாது. அக்கூஸ்டிக் கிட்டாரில் (மின்சாரம் இல்லாமல் வாசிப்பது) 12வது ஃப்ரெட்டுக்கு, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைக்கு, மேல் கம்பி சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் சரி, அதைவிட ரொம்ப அதிகமானால் புதிதாகக் கற்பவருக்கு விரல் வலித்து, கிட்டார் மூலைக்குப் போய்விடும். கடையில் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி வாசித்துப் பாருங்கள், கம்பி கரகரக்கிறதா, ஃப்ரெட்டின் ஓரம் கையைக் கீறுகிறதா என்று. ஒரே மாடலில் இரண்டு இருந்தால் இரண்டையும் கேளுங்கள், மரத்துக்கு மரம் நாதம் மாறும். அப்புறம், வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். இணையம்தான் வழி என்றால், திருப்பி அனுப்ப முடியுமா என்று முதலிலேயே பாருங்கள், வந்த பெட்டியைப் பத்திரமாக வையுங்கள்.